ஊதா நிஞ்சா ஓனிக்ஸுக்கு ஆறு டாபர்டையும் கொடுக்கலாமா?

செங்காங்வாசி:

எம்பயர்ஸ் அண்ட் பஸல்ஸ் (ஒரே நிற டைல்களைச் சேர்த்து, ஹீரோக்களை வைத்து எதிரியை அடிக்கிற கைபேசி விளையாட்டு) ஆடுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். நிஞ்சா கோபுரத்தில் எனக்கு ஓனிக்ஸ் என்ற ஊதா நிஞ்சா ஹீரோ விழுந்தது. மூன்றாம் படியில் எழுபதாம் லெவல் வரை ஏற்றியும் விட்டேன். இனி கடைசிப் படிக்குப் போக ராயல் டாபர்டு என்கிற அரிய பொருள் ஆறு வேண்டும், என்னிடம் இருப்பதும் சரியாக ஆறுதான். இந்த ஆறு சேர எத்தனை மாதம் ஆகும் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை போட்டுவிட்டால் திரும்பியும் வராது.

பக்கத்திலேயே சர்டானா என்ற இன்னொரு ஊதா ஹீரோவும் அதே எழுபதில் காத்திருக்கிறது. சர்டானாவில் யோசிக்க ஒன்றுமில்லை, வேகமான மனா (டைல் சேரச் சேர நிறைகிற சக்தி, நிறைந்ததும் ஹீரோ தன் சிறப்பு அடியை விடலாம்), ஒரே எதிரி மேல் ஓங்கி ஓர் அடி, அவ்வளவுதான். நிஞ்சாதான் என்னைக் குழப்புகிறது. மனா முதல் கட்டம் நிறைந்ததும் விடலாம், இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கலாம், மூன்றாம் கட்டம் வரையும் காத்திருக்கலாம். கார்டைப் படித்தால் மூன்றாம் கட்டத்து அடிதான் ஆசை காட்டுகிறது. ஆனால் காலையில் செங்காங்கில் ரயில் ஏறி ஃபேரர் பார்க்கில் இறங்குவதற்குள் மூன்று ரெய்டு (வேறோர் ஆட்டக்காரரின் காவல் அணியோடு சண்டை) ஆடுவேன், அதில் இரண்டிலாவது அந்த மூன்றாம் கட்டம் நிறைவதற்குள் ஓனிக்ஸ் செத்துவிடுகிறது. போன அலையன்ஸ் போரில், அதாவது குழுவுக்கும் குழுவுக்கும் நடக்கிற போரில், என் கடைசிக் கொடியிலும் (கொடி என்றால் ஒரு தாக்குதல் வாய்ப்பு) இதே கதைதான். எதிரியில் ஒரே ஒரு ஆள் பாக்கி, நிஞ்சா இரண்டாம் கட்டத்தில் நிறைந்து நிற்கிறது, இன்னும் மூன்று டைல் வந்தால் போதும் என்று காத்திருந்தேன், அடுத்த திருப்பத்தில் எதிரி விட்ட அடியில் என் ஆள் காலி. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இந்த ஹீரோ உண்மையிலேயே பலமானதா, இல்லை கார்டில் மட்டும்தான் பலமா? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பூன்லேஅக்கா:

தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கடைசிக் கொடியிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் அதையேதான் செய்தேன், மூன்றாம் கட்டம் வரை பிடித்து வைக்காவிட்டால் அது நிஞ்சாவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் கட்டத்தை வைத்து நிஞ்சாவை எடை போடாதீர்கள். எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் விடலாம் என்பதுதான் அதன் பலம்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள். பலகையில் ஏழு வரிசை நெடுக்காக, ஐந்து குறுக்காக, மொத்தம் 35 டைல். நிறம் ஐந்து. அப்படியென்றால் ஒரு நிறத்துக்குச் சராசரியாக ஏழு டைல்தான் கண்ணில் படும். வேகமான ஹீரோவுக்கு 8 டைல் வேண்டும், நடுத்தர வேகத்துக்கு 10, மெதுவானதுக்கு 12. மூன்று மூன்றாகச் சேர்க்கிறோம், அதனால் சர்டானாவுக்கு மூன்று முறை சேர்த்தால் 9 வந்துவிடுகிறது, ஒரு டைல் வீண். நடுத்தர ஹீரோவுக்கு அதே மூன்று முறை சேர்த்தும் ஒரு டைல் குறைகிறது. அந்த ஒரு டைலுக்காகத்தான் எல்லாரும் மனா ட்ரூப்பை (ஹீரோவின் மனாவைச் சீக்கிரம் நிறைக்கிற படை) வளர்க்கிறோம்.

நிஞ்சா இதில் எங்கே வேறுபடுகிறது என்றால், சாதாரண ஹீரோ ஒருமுறை நிறைந்துவிட்டால் அதற்கு மேல் வருகிற டைலெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். எதிரி டேங்க் (அணியின் நடுவில் நின்று அடி வாங்குகிற ஹீரோ) முன்னால் ஒரு கவசம் போட்டிருக்கிறது, இப்போது அடித்தால் பலனில்லை என்று சர்டானாவைப் பிடித்து வைத்தீர்களானால் அந்த இரண்டு திருப்பத்தில் சேர்ந்த ஊதா டைல் அதற்கு ஒன்றுமே செய்வதில்லை. நிஞ்சாவுக்கு அப்படி இல்லை, காத்திருக்கிற நேரமும் சேமிப்பாகிறது. அதனால் வேறு காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டி வந்தால் நிஞ்சா கொழுக்கும். மூன்றாம் கட்டத்துக்காகவே காத்திருந்தால்தான் நீங்கள் சொன்ன மாதிரி சாகும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

நேற்று ராத்திரி ஆடிய ஒரு ரெய்டைச் சொல்கிறேன். எதிரி நடுவில் மஞ்சள் டேங்க். வலது ஓரத்தில் எல்லாருக்கும் உயிர் ஏற்றுகிற ஹீரோ. நான் ஊதா மூன்று, பச்சை இரண்டு எடுத்துப் போனேன், மஞ்சள் மேல் ஊதா டைல் இரட்டிப்பாக அடிக்கும் என்பதால். முதல் சில திருப்பத்தில் வந்த ஊதா டைல் எல்லாம் நேராக டேங்க் மேல். டேங்க் பாதிக்கும் கீழே. அடுத்துப் பலகையில் ஊதாவே இல்லை, பச்சையைத்தான் நகர்த்த முடிந்தது, அதுவும் வலது பக்கம். அந்தப் பச்சை டைல் மூன்றும் அந்த ஓரத்து ஹீரோ மேல் பட்டு அதன் உயிர் நூலிழைக்கு வந்துவிட்டது, ஆனால் பட்ட டைல் ஒவ்வொன்றும் அதற்கு மனாவும் ஏற்றும் இல்லையா, அதுவும் நிறையப் போகிற நிலை. என் நிஞ்சா அப்போது முதல் கட்டம் நிறைந்து, இரண்டாவதுக்கு அரைவாசிதான் ஏறியிருக்கிறது. பழைய நானாக இருந்தால் டேங்க்குக்காகப் பிடித்து வைத்திருப்பேன். நான் அங்கேயே முதல் கட்டத்தில் விட்டுவிட்டேன், ஓரத்து ஆள் விழுந்தது. அந்த உயிர் ஏற்றம் வந்திருந்தால் டேங்க் திரும்ப முக்கால்வாசிக்கு எழுந்திருக்கும், நான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த மூன்று திருப்பத்தில் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் கட்டத்தை அந்த ஆட்டத்தில் நான் தொடவே இல்லை.

இன்னொன்று, உங்கள் ஓனிக்ஸ் இப்போது எழுபதில் நிற்கிறது. எதிரி எல்லாம் எண்பதும் எம்ப்ளமும் (ஹீரோவுக்குக் கூடுதல் பலம் ஏற்றுகிற சின்னம்) போட்டு வருகிறார்கள். அது சீக்கிரம் சாவதில் பாதி அந்த உயிர்க் குறைவால்தான். கடைசிப் படி ஏறினால் இரண்டு திருப்பம் கூடுதலாக நிற்கும், நிஞ்சாவுக்கு அந்த இரண்டு திருப்பம் மற்ற ஹீரோக்களை விட அதிகம் உதவும். என் ஓட்டு ஓனிக்ஸுக்கே.

தெம்பனீஸ்காரன்:

அக்கா சொன்ன கணக்கு சரி. ஆனால் நான் முடிவில் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி போரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார். போரில் ஆளுக்கு ஆறு கொடி, ஒரு கொடியில் போன ஹீரோவை அடுத்ததில் எடுக்க முடியாது, ஆக மொத்தம் முப்பது ஹீரோ வேண்டும். அந்த முப்பதில் ஊதாவுக்கு இரண்டு அணியாவது கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது ஊதா அணியில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஓர் ஆள் வேண்டும், அதற்குச் சர்டானா மாதிரி நேரான ஹீரோ போதும். நிஞ்சா கவனம் கேட்கிற ஹீரோ. நான் ஷிஃப்ட் வேலை, விடியற்காலை நாலு மணிக்கு முடித்துவிட்டு வந்து கோப்பிக்கடையில் தே ஓ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கொடி அடிப்பேன், அந்த நேரத்தில் எந்தக் கட்டத்தில் விடுவது என்று யோசிக்கிற நிலையில் மூளை இருப்பதில்லை. மூன்று முறை சேர், சுடு, அடுத்தது. இப்படி ஆடுகிறவர்களும் இருக்கிறோம்.

அப்புறம் காவல் அணி. இதைப் பற்றி யாருமே பேசவில்லை. நாம் தாக்கும்போதுதான் கட்டம் நம் கையில், காவலில் நிற்கும்போது கம்ப்யூட்டர்தான் ஆடுகிறது. அக்காவின் அந்த நல்ல யோசனை எதுவும் அங்கே இல்லை. நிஞ்சாவின் மொத்த மதிப்பும் எப்போது விடுவது என்பதில்தான் இருக்கிறது என்றால், அந்த முடிவு நம் கையை விட்டுப் போன இடத்தில் பாதி மதிப்பும் போய்விடுகிறது. என் அலையன்ஸில் ஒருவர் நிஞ்சாவைக் காவல் அணியில் வைத்திருக்கிறார், அவரை நான் அடித்துப் பார்த்திருக்கிறேன், சில நாள் என்னை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பும், சில நாள் ஒரு சின்னக் குத்தோடு சரி. போரில் முப்பது பேர் சேர்ந்து ஆடுகிறோம், அங்கே இந்த மாதிரி சூதாட்டம் எனக்குப் பிடிக்காது.

மனாவைக் குறைக்கிற எதிரி இருந்தால் சேர்த்து வைத்ததும் போய்விடும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பூன்லேஅக்கா:

தெம்பனீஸ்காரன் அண்ணே, காவல் அணி விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன், நானும் என் நிஞ்சாவைக் காவலில் வைப்பதில்லை. தம்பி அதற்காக வளர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் மனாவைக் குறைக்கிற எதிரி விஷயம் வேறு. எதிர் அணியில் அப்படி ஒரு ஆளைப் பார்த்தால் அன்றைக்கு நிஞ்சாவை முதல் கட்டத்திலேயே விட்டுக்கொண்டே போவேன், சேர்த்தே வைக்க மாட்டேன். சட்டென்று அப்படி மாற்றிக்கொள்ள முடிகிற வேறு ஊதா ஹீரோ என்னிடம் இல்லை.

மணிக்கூண்டு:

குறுக்கே வருகிறேன். டைட்டனுக்காக (அலையன்ஸ் முழுக்கச் சேர்ந்து அடிக்கிற பெரிய அரக்கன்) யாராவது நிஞ்சாவை நினைத்தால் அதை மறந்துவிடுங்கள். டைட்டன் மேல் பெரும்பாலான சேதம் டைலில்தான் வருகிறது, அதனால் டைட்டனின் காப்பைக் குறைக்கிறவரும் நம் தாக்குதலை ஏற்றுகிறவரும்தான் அங்கே சோறு போடுவார்கள்.

வரைபடத்திலும் குவெஸ்ட்டிலும் மட்டும் மூன்றாம் கட்டம் தாராளமாகக் கிடைக்கும். முதல் அலைகளில் சின்ன எதிரிகளை டைலாலேயே முடித்துக்கொண்டு போங்கள், சேர்ந்த மனா அடுத்த அலைக்கும் கூடவே வரும், கடைசியில் பாஸ் வந்து நிற்கும்போது நிஞ்சா முழுசாக நிறைந்திருக்கும். மூன்றாம் கட்டத்தைப் பார்க்க ஆசையாக இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள் தம்பி. எழுபது லெவலே போதும், டாபர்டு தேவையில்லை.

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. உடனே முடிவெடுக்காமல் இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று இருந்தேன்.

எழுபதிலேயே வைத்து, மூன்றாம் கட்டத்துக்காக ஒரு தடவைகூடக் காத்திருப்பதில்லை என்று வைத்துக்கொண்டு பத்து ரெய்டு ஆடினேன். கோப்பை (ரெய்டுப் புள்ளி) போனால் போகட்டும் என்று மஞ்சள் டேங்க்காகத் தேடித் தேடி அடித்தேன். பத்தில் ஏழு ஜெயித்தேன், முன்பு நான்கைத் தாண்டியதில்லை. ஓனிக்ஸ் அந்த ஏழில் ஐந்தில் கடைசி வரை உயிரோடு நின்றது. ஏன் என்று யோசித்தால், எதிரியில் ஆள் சீக்கிரம் குறைவதால் நம் மேல் விழுகிற அடியும் குறைகிறது, அதனால் இதுவும் தப்பிக்கிறது. முன்பு நான் பிடித்து வைத்திருந்ததே அதைக் கொன்றிருக்கிறது. அதோடு ஓர் ஆள் விழுந்த பிறகு அந்தக் காலி இடம் வழியாக டைலை விட்டால் எதிரி யாருக்கும் மனா ஏறாது, நமக்கு மட்டும் ஏறும், அங்கே நிஞ்சா தானாகவே இரண்டாம் கட்டத்துக்குப் போய்விடுகிறது. கேட்காமலே கிடைத்த இரண்டாம் கட்டம்.

தோற்ற மூன்றில் இரண்டு, பலகையில் ஊதாவே வராத ஆட்டம். அதற்கு எந்த ஹீரோவும் ஒன்றும் செய்ய முடியாது.

தெம்பனீஸ்காரன் அண்ணே, நீங்கள் சொன்னதையும் யோசித்தேன். ஆனால் நான் பெரும்பாலும் ரயிலில் உட்கார்ந்து நிதானமாக ஆடுகிறவன், கொடியைக்கூட மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அடிக்கிறேன். எனக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. சர்டானா அடுத்த ஆறு டாபர்டு வரும்வரை இரண்டாவது ஊதா அணியில் எழுபதிலேயே நிற்கட்டும், அடித்துவிட்டு ஓடுகிற வேலைக்கு அதுவே போதுமாகத் தெரிகிறது.

ஆறையும் ஓனிக்ஸுக்குப் போட்டுவிட்டேன், பொத்தானை அழுத்தும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

தெம்பனீஸ்காரன்:

சரி தம்பி, நீங்களே ஆடிப் பார்த்து எடுத்த முடிவு, அதற்கு மேல் பேச்சில்லை. எம்ப்ளம் போடும்போது முதலில் உயிரும் காப்பும் ஏறுகிற பாதையில் போங்கள், தாக்குதலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பூன்லேஅக்கா:

அதேதான். அடுத்த போரில் கடைசிக் கொடி என்னவாயிற்று என்று வந்து சொல்லுங்கள்.