கொழிஞ்சாம்பாறை: பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் கேம் ஓட எதை முதலில் மாற்றுவது?

சித்தூர்ப்புழை:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆபீஸ்ல ஓடின டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3050 ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கு. இன்டெல் ஐ5-7500 பிராசசர் (7-ஆம் தலைமுறை), 8 ஜிபி ராம் (ஒரே ஸ்டிக்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. மானிட்டர் பழைய 19 இன்ச், 1440 × 900. அதுல விஜிஏ மட்டும்தான் இருக்கு, அதனால டிஸ்ப்ளே போர்ட்ல ஒரு கன்வெர்ட்டர் மாட்டி ஓடுது.

ஓட வேண்டியது வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (சிஎஸ் 2), ஜிடிஏ 5, கொஞ்சம் மைன்கிராஃப்ட். புதுசா வர்ற பெரிய கேம் எதுவும் வேண்டாம். கையில 15,000 ரூபாய் இருக்கு.

நேரா ஒரு கார்டு வாங்கிச் சொருகினாப் போதுமா? கோயம்புத்தூர்ல ஒரு கடையில விசாரிச்சா, 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (மெஷினுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி) சேத்து மாத்தினாத்தான் கார்டு போட முடியும்னு சொல்றாங்க. அது அவசியமுங்களா?

திருப்புளி:

எஸ்எம்பிஎஸ்ஸை மாத்த வேண்டாமுங்க. மாத்தப் போனாத்தான் செலவு கிளம்பும். இந்த மாடல் மதர்போர்டுல சாதாரண 24 பின் கனெக்டர் கிடையாது, டெல்லோட சொந்த சின்ன கனெக்டர். எஸ்எம்பிஎஸ்ல இருந்து 12 வோல்ட் மட்டும்தான் வரும். ஹார்டு டிஸ்க்குக்கு வேண்டிய 5 வோல்ட்டை போர்டே பிரிச்சுக் குடுக்கும். அதனாலதான் டிஸ்க்குக்குப் போற பவர் ஒயர் போர்டுல இருந்து வருது, பாத்திருப்பீங்க. வெளி எஸ்எம்பிஎஸ் வெச்சா அடாப்டர் ஒயர் வாங்கணும், அது மட்டமா இருந்தா சூடேறி உருகும், கேபினட்ல அளவும் ஒத்து வராது. 75 வாட் கார்டுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை.

முதல்ல பக்கத்து மூடியைக் கழட்டி எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. 3050 டவர்னா 240 வாட், சின்ன கேபினட்னா 180 வாட். எந்தக் கார்டு வாங்கலாங்கிறதை இந்த நம்பர்தான் முடிவு பண்ணும்.

கணக்கு இப்படி: பிராசசர் 65 வாட். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்ந்து 30, 40 வாட். கார்டு ஸ்லாட்ல இருந்து அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். மொத்தம் 180 வாட் பக்கத்துல வந்து நிக்கும். 240 வாட்டுக்குத் தாராளம். 180 வாட்டுக்கு மூச்சு முட்டும். கேம் நடுவுல பொட்டுனு அணைஞ்சு தானா ரீஸ்டார்ட் ஆனா காரணம் பெரும்பாலும் இதுதான்.

டவர்னா என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கார்டு எடுங்க. வாங்கும்போது கார்டு மேல 6 பின் பவர் சாக்கெட் இருக்கான்னு பாருங்க. அதே பேர்லயே சாக்கெட் இருக்கிற மாடலும் வருது. உங்க எஸ்எம்பிஎஸ்ல அந்த ஒயர் இருக்காது. டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர் ஒயரை 6 பின்னா மாத்துற கன்வெர்ட்டரைத் தொடவே தொடாதீங்க. இந்த மெஷின்ல அந்தக் கரண்ட் போர்டு வழியா வரணும், போர்டே கருகிடும்.

சின்ன கேபினட்னா உயரம் குறைஞ்ச லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் நிக்கும். 53 வாட் ஆர்எக்ஸ் 6400 பாக்கலாம், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அது பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு சொருகுற ஸ்லாட்) 4.0-ல 4 லேன்ல (டேட்டா போற வழி) ஓடுறதுக்குன்னு பண்ணின கார்டு. உங்க போர்டு 3.0, அதுல வழி பாதியாக் குறுகிடும். 4 ஜிபி மெமரி நிறையாத வரைக்கும் தெரியாது. நிறைஞ்சா திக்கித் திக்கி ஓடும்.

ஒத்தைப்பனை:

திருப்புளி சொன்ன கார்டு கணக்கு சரி. ஆனால் கார்டு வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. இன்னொரு ராம், ஒரு எஸ்எஸ்டி.

ஒரே ஸ்டிக் என்றால் மெமரி ஒற்றைச் சேனலில், அதாவது ஒரே பாதையில், ஓடுகிறது. டிடிஆர்4 2400-க்கு நொடிக்கு 19.2 ஜிபி. இன்னொரு 8 ஜிபி போட்டால் 38.4 ஜிபி. இப்போது உள்ளே இருக்கும் இன்டெல் எச்டி 630 கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, இந்த ராமையேதான் பயன்படுத்துகிறது. அதனால் கார்டு வாங்கும் முன்பே வாலரண்டில் வித்தியாசம் தெரியும். இந்த போர்டில் இரண்டே ஸ்லாட். இப்போது ராம் விலை ஏறிக் கிடப்பதால் கழட்டி விற்கும் பழைய ஸ்டிக் வாங்கினாலும் தவறில்லை. டெஸ்க்டாப் ஸ்டிக்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஸ்டிக் நீளம் குறைவு, பொருந்தாது. சர்வர்களில் இருந்து கழட்டிய இசிசி ரிஜிஸ்டர்டு ஸ்டிக் மலிவாகக் கிடைக்கும், அதைப் போட்டால் மெஷின் எழும்பாது. மாட்டிய பிறகு டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கும் சாஃப்ட்வேர்) ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம். சிஎஸ் 2 மட்டுமே 85 ஜிபி கேட்கிறது. போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கிறது, 2280 அளவு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி போடலாம். பழைய ஹார்டு டிஸ்க் படம், பாட்டு வைக்க இருக்கட்டும்.

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். டெல் மெஷின்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங் மெனு) சாட்டா ஆபரேஷன் பெரும்பாலும் 'ரெய்டு ஆன்' என்று இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படாது, எஸ்எஸ்டி கெட்டது என்று திருப்பிக் கொண்டுபோவார்கள். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'ஏஎச்சிஐ' என்று மாற்றினால் தெரியும். ஆனால் பழைய விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கும்போதே மாற்றினால் அது நீலத் திரையில் நின்றுவிடும். அதையும் காப்பாற்ற வேண்டுமானால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அதே ரீஸ்டார்ட்டில் பயாஸில் மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒரு முறை ஏறியதும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வாளையார்மேடு:

கொஞ்சம் மாத்தி யோசிங்கன்னு சொல்வேன். 7-ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக் கிடையாது. விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னு போச்சு. 4 கோர், 4 த்ரெட் பிராசசர்ல இன்னும் 15,000 கொட்டுறதுக்கு, இதை வித்துட்டு பழைய ஏஎம்டி ரைசன் 5 5600ஜி பிராசசர் செட் ஒண்ணு தேடலாமே? 6 கோர், 12 த்ரெட், கார்டே இல்லாம உள்ள இருக்கிற கிராஃபிக்ஸ்லயே வாலரண்ட் நல்லா ஓடும். பின்னால கார்டு போட்டுக்கலாம்.

திருப்புளி:

@வாளையார்மேடு உங்க யோசனை தப்பில்லைங்க. ஆனா இவர் கேக்குறதுல ஜிடிஏ 5 இருக்கு. 5600ஜி உள்கிராஃபிக்ஸை விட 1650 தெளிவாவே வேகம். அதுவும் போக போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் சேத்து இந்த பட்ஜெட்ல முடியாது. இங்க வாங்குற ராம், எஸ்எஸ்டி, கார்டு மூணையும் நாளைக்கு வேற டிடிஆர்4 போர்டுக்கு அப்படியே எடுத்துட்டுப் போகலாம். கைக்காசு வீணாகாது.

விண்டோஸ் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றதைக் கவனிக்கணும். குறுக்கு வழியில 11 ஏத்துறவங்க இருக்காங்க. வாலரண்ட் 11-ல டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு அம்சம் ரெண்டும் கேக்கும். டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில பிரிச்சிருந்தா செக்யூர் பூட் ஆன் ஆகாது. அதனால எஸ்எஸ்டில எந்த விண்டோஸ் போட்டாலும் யூஇஎஃப்ஐ முறையில, ஜிபிடி டிஸ்க்கா போடுங்க. 10-லயே இருக்கிறதானா நீட்டிப்பு அப்டேட்ல பேரைப் பதிஞ்சுக்குங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும்.

இன்னொண்ணு. செகண்ட் ஹேண்ட்ல ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கொஞ்சம் மலிவாக் கிடைக்கும். அதுவும் 75 வாட்தான், கேமும் ஓடும். ஆனா என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் குடுக்கறதை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் 2028 அக்டோபர் வரைக்கும். 1650 அடுத்த தலைமுறை, அதுக்கு இந்த நிறுத்தம் கிடையாது. விலை வித்தியாசம் ரெண்டாயிரத்துக்குள்ளன்னா 1650-தான் எடுக்கணும்.

ஜிடி 1030 யாராவது காட்டினா டிடிஆர்4-ஆ ஜிடிடிஆர்5-ஆன்னு கேளுங்க. பேர் ஒண்ணு, மெமரி வேகம் நொடிக்கு 16.8 ஜிபி எங்க, 48 ஜிபி எங்க. டிடிஆர்4-ஐ வாங்குறதுக்கு வாங்காமலே இருக்கலாம்.

சித்தூர்ப்புழை:

ரொம்ப நன்றிங்கண்ணா. மூடியைக் கழட்டிப் பாத்தேன். டவர்தான், லேபிள்ல 240 வாட்னு போட்டிருக்கு. உள்ள தூசி கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கு. அப்ப ராம், எஸ்எஸ்டி, 1650 மூணும்தான் முடிவு. கார்டு செகண்ட் ஹேண்ட்லதான் அமையும் போல.

இன்னும் மூணு சந்தேகம். கார்டை எப்படிச் சோதிச்சு வாங்கறது? இந்த விஜிஏ மானிட்டர் அதுல ஓடுமா? அப்புறம், கேபினட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, அது எதனால?

ஒத்தைப்பனை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அது சரியாகும் வரை கார்டைக் கையில் எடுக்க வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டில் தங்கி, தொட்டால் சுர்ரென்கும். மானிட்டர் வேறு பிளக்கில் இருக்கும்போது அந்த நிலையில் எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகினால் கார்டின் போர்ட் போய்விடலாம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயிண்ட்டின் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் காட்ட வேண்டும். மானிட்டர், சிபியு இரண்டும் ஒரே பிளக் போர்டில் இருக்கட்டும்.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊர், பங்குனி சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். ஹீட்சிங்க் (பிராசசர் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) இடுக்கு அடைந்திருந்தால் பிராசசர் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும், பழியோ கார்டு மேல் விழும். வெளித் திண்ணைக்கு எடுத்துப்போய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இஷ்டத்துக்குச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்துவிட்டு, பச்சைப் பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும். ஹீட்சிங்கின் நான்கு திருகையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

திருப்புளி:

கார்டு சோதனை: கடையிலயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஜிபியு-இசட்ங்கிற சின்ன சாஃப்ட்வேரைத் திறந்தா சிப் பேர் டியு117-ன்னும், ஷேடர் (சிப்புக்குள்ள இருக்கிற கணக்குக் கோர்) 896-ன்னும் இருக்கணும். பழைய சிப் மேல புதுப் பேரை ஏத்தின போலிக் கார்டா இருந்தா அதுலயே 'ஃபேக்'னு காட்டும். பின்பக்கம் விஜிஏ சாக்கெட் இருக்கிற "1650" கண்ணுல பட்டா அப்படியே நகர்ந்துடுங்க, இந்தத் தலைமுறை சிப்ல விஜிஏவே வராது. அப்புறம் கார்டுக்கு முழு வேலை குடுத்துச் சோதிக்கிற ஃபர்மார்க் சாஃப்ட்வேரை 15 நிமிஷம் ஓட்டுங்க. திரையில புள்ளி, கோடு, நிறக் கட்டம் எதுவும் வரக் கூடாது. சூடு 80 டிகிரிக்குள்ள நிக்கணும், ஃபேன் கரகரன்னு சத்தம் போடக் கூடாது. பில்லும், ஒரு வாரமாவது திருப்பி வாங்கிக்கிற பேச்சும் இல்லாம காசு குடுக்காதீங்க.

மானிட்டர்: இப்ப வெச்சிருக்கிற அதே கன்வெர்ட்டரை கார்டோட டிஸ்ப்ளே போர்ட்ல மாட்டினா ஓடும். சில 1650-ல டிவிஐ சாக்கெட்டும் இருக்கும், அதுல சும்மா பின் மாத்துற விஜிஏ அடாப்டர் ஏறாது. ஒயரைக் கார்டுலதான் சொருகணும், போர்டுல இல்லை. "கார்டு போட்டும் வேகமே இல்லை"ன்னு வர்ற புகார்ல நிறைய இதுதான்.

1440 × 900-ல கார்டுக்கு வேலை குறைவு, பிராசசர்தான் முதல்ல திணறும். சிஎஸ் 2-ல புகைக் குண்டு போடும்போது திக்கும். அதனால ஃபிரேமை நொடிக்கு 60-ல கட்டிப் போட்டு, நிழல் செட்டிங்கைக் குறைச்சு, பின்னாடி பிரவுசரை மூடிட்டு ஆடுங்க. அதுக்கும் பத்தலைன்னா பின்னால பழைய ஐ7-7700 ஒண்ணு போட்டுக்கலாம். அதே 65 வாட், 8 த்ரெட், இப்ப இருக்கிற ஹீட்சிங்கே தாங்கும். 8-ஆம் தலைமுறை பிராசசர் மட்டும் வாங்கிடாதீங்க. சாக்கெட் பேர் அதே 1151-தான், உட்காரவும் உட்காரும், ஆனா இந்த போர்டுல எழும்பாது.

மாட்டுறப்ப வரிசை: முதல் நாள் ராமும் எஸ்எஸ்டியும் போட்டு, விண்டோஸ் ஏத்தி, டெல் தளத்துல இருந்து பயாஸ் அப்டேட் பண்ணுங்க. கரண்ட் போனா பயாஸ் பாதியில நின்னு போர்டே செத்துடும், அதனால யுபிஎஸ்ல வெச்சுப் பண்ணணும். ரெண்டு நாள் அப்படியே ஓட்டிப் பாத்துட்டு அப்புறமா கார்டைப் போடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டினா எது தகராறுன்னு கண்டுபிடிக்க முடியாது. போட்டதும் எழும்பலைன்னா முன்பக்க பவர் லைட் ஆரஞ்சு நிறத்துல எத்தனை தடவை சிமிட்டி, நிறுத்தி, மறுபடி எத்தனை சிமிட்டுதுன்னு எண்ணி இங்க எழுதுங்க. ராமா, போர்டா, பவரான்னு அதை வெச்சே சொல்லிடலாம்.