986 பேர் இருக்கும் ஊரில் நாலு வருடம்: கனடாவின் புல்வெளி மாநிலங்களில் வாழ்ந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முதல் பதிவு

கனடா என்றாலே நம் ஆட்களுக்கு டொரண்டோதான். நான் நாலு வருடமாக இருப்பது சஸ்காச்சுவான் மாநிலத்தின் தெற்கில், கிராவல்பர்க் என்ற சின்ன ஊரில். மாநிலத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டு மணி நேரம் வர வேண்டும். 2016 கணக்கெடுப்பில் 1,083 பேர் இருந்தார்கள், 2021-இல் 986. கோவில்பட்டியில் எங்கள் அக்கா கல்யாணத்துக்கு இதைவிடக் கூடுதலாக இலை போட்டோம்.

"அங்க போய்த் தனியா எப்படிடா இருக்க?" என்று போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இந்த ஊரில் தனியாக இருப்பதுதான் கஷ்டம்.

வந்த முதல் குளிர்காலத்தில் மூஸ் ஜா நகரத்திலிருந்து திரும்பும்போது வண்டி வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் பனிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். பனிக்கால டயர் மாற்றாமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஒரு பெரியவர் இறங்கினார், பின்னாலிருந்து பட்டைக் கயிற்றை எடுத்து மாட்டினார், இழுத்து மேலே விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. "டயரை மாத்து" என்றார், போய்விட்டார்.

மறுநாள் தபால் நிலையம் போனேன். இங்கே வீடு தேடித் தபால் வராது, அவரவர் பெட்டியை அவரவர்தான் போய்த் திறக்க வேண்டும். அதனால் நம்மூர் டீக்கடைக்கு இருக்கும் மவுசு இங்கே தபால் நிலையத்துக்கு. நான் சாவியை நுழைப்பதற்குள் மூன்று பேர், "வண்டிக்கு அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர், எந்த அளவு டயர் வேண்டும், தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜோடி கிடக்கிறது என்றார். ஊர் வாயை மூடும் உலைமூடி இங்கேயும் யாரிடமும் இல்லை.

நிலத்தைப் பார்த்தால் ஏன் இப்படி என்று புரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு கிடையாது. குடியேற்றம் தொடங்கியபோதே அளவைக்காரர்கள் மொத்தத்தையும் சதுரங்கக் கட்டம் போலக் கோடு போட்டுவிட்டார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர். 1872 சட்டப்படி பத்து டாலர் கட்டணம் செலுத்தி, வீடு கட்டி, உழுது காட்டினால் அந்தக் கால் பங்கு சொந்தம். இப்போது மாநிலத்தின் சராசரிப் பண்ணையே 1,700 ஏக்கருக்கு மேல். கணக்கு நேரடியானது: பண்ணை பெரிசானால் வீடு குறையும், வீடு குறைந்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள். வழி கேட்டால் "மூணு மைல் மேற்கே, ரெண்டு மைல் தெற்கே" என்பார்கள். அடையாளத்துக்குச் சொல்லும் வீட்டில் நாற்பது வருடமாக யாரும் இருக்க மாட்டார்கள். காற்றுக்குத் தடுப்பாக அந்தக் குடும்பம் நட்ட கரகானா என்ற புதர்ச் செடி வேலி மட்டும் நிற்கும். ஆகஸ்ட் வெயிலில் அதன் காய்கள் பட் பட்டென்று வெடிக்கும் சத்தத்தை நின்று கேட்டிருக்கிறேன்.

இவ்வளவு சின்ன ஊரில் பேராலயம் இருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள். 1906-இல் லூயி-பியேர் கிராவெல் என்ற பாதிரியார் பிரெஞ்சு பேசும் குடும்பங்களைக் கூட்டிவந்து அமைத்த ஊர் இது. 1918-19இல் இரட்டைக் கோபுரத்தோடு கோயில் எழும்பியது. உள்ளே சுவர், விதானம் முழுக்க ஓவியம். ஓவியரைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. மயார் என்ற பங்குச் சாமியார் 1921 முதல் 1931 வரை தானே சாரத்தில் ஏறி வரைந்து முடித்தார். இன்றும் கடையில் பாட்டிகள் பிரெஞ்சில் வம்பு பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் மரியாதைக்கு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்தப் பேச்சின் சுவாரசியமான பாதி எனக்குக் கிடைத்ததே இல்லை.

என் வேலை தானியக் கிடங்கில். லாரி வந்ததும் நீளக் குழாயைத் தானியத்துக்குள் இறக்கி மாதிரி எடுப்பேன். நம்மூர் கமிஷன் கடையில் மூட்டையில் குத்தூசி போடுவார்களே, அதன் பெரியண்ணன் என்று வையுங்கள். சலித்து, கல்லையும் உடைசலையும் பிரித்து, ஈரம் பார்க்க வேண்டும். முதல் நாள் கையில் வந்தது சாம்பல் கலந்த பழுப்பில் தட்டையான பயறு. நகத்தால் தோலை உரித்தேன். உள்ளே செம்மஞ்சள். அட, நம்ம மைசூர்ப் பருப்பு!

கரிசலில் மானாவாரி உளுந்தும் பாசியும் போட்டு வானத்தைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. இங்கேயும் அதே கதை, அதே வானம் பார்ப்பு. 1857-இல் தொடங்கிய பயணத்தில் இந்தப் பக்கத்தைச் சுற்றிப் பார்த்த பாலிசர் என்பவர், பெரும்பகுதி வறண்ட நிலம், விவசாயத்துக்கு ஆகாது என்றே எழுதிவைத்தார். 1970-களில் சஸ்காட்டூனில் உள்ள சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கர்ட் என்ற பயிர் விஞ்ஞானி இந்த மண்ணுக்குத் தோதான ரகங்களைத் தேடி எடுத்தார். இன்று உலகத்திலேயே அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. பெரும்பகுதி விளைவது இந்த மாநிலத்தில். செடி முழங்கால் உயரம்கூட வராது, அறுவடை இயந்திரம் தரையை உரசிக்கொண்டே போகும். கல் மாட்டாமல் இருக்க, விதைத்த பிறகு பெரிய உருளையை ஓட்டிக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமுக்குவார்கள்.

காலையில் ஓட்டலில் "காபி ரோ" என்று ஒரு ஜமா கூடும். எழுபதைத் தாண்டிய விவசாயிகள், தலையில் தொப்பி, காபிக்கு யார் காசு என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்பார்கள். ஜூன் பிறந்தால் என்னைப் பார்த்து, "இந்தியாவில மழை தொடங்கிடுச்சா?" என்பார்கள். மரியாதைக்கு நலம் விசாரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது வியாபாரம். நம் பருவமழை பொய்த்தால் இங்கே பருப்புக்கு விலை ஏறும். 2017 டிசம்பரில் டெல்லி இந்தப் பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டதை இன்றும் தேதியோடு சொல்கிறார் ஒருவர், ஏதோ நான் கையெழுத்துப் போட்ட மாதிரி.

அதே மனிதர் இருபது வருடத்துக்கு மேல் பருப்பு விளைவித்தவர், ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு, சீரகம் தாளித்த பருப்பு, நெய் என்று போட்டேன். கரண்டியால் இரண்டு வாய் சாப்பிட்டார். "இது என் பயிரா?" என்றார். மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சரி, உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்.

பதில், மானிட்டோபாவிலிருந்து

உங்கள் ஊர் தேய்கிறது என்றால் எங்கள் ஊர் வீங்குகிறது. நீபவாவில் நர்ஸாக இருக்கிறேன். 2011-இல் 3,629 பேர், 2021-இல் 5,685. காரணம், பன்றி இறைச்சி ஆலையும் அதில் வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் குடும்பங்களும். கடையில் மீன் சாஸ், பச்சைப் பப்பாளி எல்லாம் கிடைக்கும், கறிவேப்பிலை மட்டும் வராது. வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. இரவு வேலை முடிந்து காரில் ஏறினால் மைனஸ் முப்பது. ராத்திரி முழுக்க இன்ஜின் ஹீட்டரைப் பிளக்கில் செருகி வைக்க மறந்த அன்று வண்டி முனகக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் அக்காதான் வந்து கூட்டிக்கொண்டு போனார். மாதாமாதம் அவர் வீட்டில் எனக்கென்று பன்றி போடாமல் ஒரு பான்சிட் (அவர்கள் ஊர் நூடுல்ஸ்) தனியாகக் கிண்டிவைக்கிறார்.

பதில், இப்போது கால்கரியில்

எல்லாரும் தேனாகப் பேசுவதால் நான் கொஞ்சம் வேம்பு வைக்கிறேன். பெயர் வேண்டாம், அதேபோல ஒரு ஊரில் இரண்டு குளிர்காலம் இருந்தோம். மனிதர்கள் நல்லவர்கள்தான், அதில் குறையே இல்லை. ஆனால் என் பையன் வகுப்பில் மொத்தம் ஆறு பிள்ளைகள், ஆறு பேரும் மூன்று வயதிலிருந்தே ஐஸ் ஹாக்கி. இவனுக்கு நிற்கவே வராது. மாலையில் ஊரே ஸ்கேட்டிங் அரங்கில் இருக்கும், நாங்கள் வீட்டில். பல்வலிக்கு ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டினோம். கை அசைப்பவர்கள் எல்லாம் நண்பர்களாகிவிட மாட்டார்கள், சகோ. பையனுக்காகத்தான் கிளம்பினோம்.

முதல் பதிவிட்டவர்

கால்கரி நண்பருக்கு: நீங்கள் சொல்வது நியாயம், மறுக்க மாட்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை, அது பெரிய வித்தியாசம். இங்கேயும் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் ரெஜைனாவுக்கோ சஸ்காட்டூனுக்கோ போனால் திரும்புவது அபூர்வம். தீயணைப்புக்குச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, ஊர்க்காரர்களே தொண்டர்கள். ஆள் குறைந்ததும் ஒருநாள் என்னிடமும் வந்து விண்ணப்பப் படிவத்தை நீட்டிவிட்டார்கள். குழாயைச் சரியாகப் பிடிக்க இன்னும் வரவில்லை, அதனால் என்னைத் தண்ணீர் லாரியில் போட்டிருக்கிறார்கள்.

நீபவா நர்ஸ் அக்காவுக்கு: கறிவேப்பிலை ரெஜைனாவில் கிடைக்கும். நான் மாதம் ஒருமுறை போய் வாங்கி, ஈரம் துடைத்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். கறுக்காது. வாசம் பாதிதான் இருக்கும்.

அக்டோபரில் அரங்கத்தில் ஃபவுல் சப்பர், அதாவது ஊர்கூடி உண்ணும் விருந்து. வான்கோழி, பிசைந்த உருளைக்கிழங்கு, பெரோகி என்ற கொழுக்கட்டை, ஊர்ப் பெண்கள் சுடும் பூசணிப் பை. போன வருடம் பருப்பு வடை நூறு சுட்டுக் கொண்டுபோனேன், இருபது நிமிடத்தில் தட்டு காலி. இந்த வருடம் இருநூறு வேண்டும் என்று சமையல் கமிட்டிப் பாட்டி தபால் நிலையத்தில் வைத்தே சொல்லிவிட்டார். கடலைப் பருப்பில் சுடுவதா, இங்கே விளைந்த மைசூர்ப் பருப்பிலேயே சுடுவதா? மைசூர்ப் பருப்பில் செய்தவர்கள் இருந்தால் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சோதனைக்குப் போட்ட முதல் ஈடு எண்ணெயில் கரைந்து போய்விட்டது.