கடைத் தவணை பாக்கியை கிரெடிட் கார்டில் அடைக்கலாமா?

தாராவி அக்கா:
சயான்ல ஒரு கடையில தவணைக்கு ஃப்ரிட்ஜ் எடுத்தோம். பாக்கி 18,000, மாசம் ஒன்றரை வட்டி. கார்டைத் தேய்ச்சு முடிச்சிடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். மாமனாருக்கு ஆபரேஷன், அடுத்த மாசமும் மொத்தப் பணம் புரளாது. தேய்க்கலாமா?

செம்பூர்வாசி:
வேண்டாம்க்கா, தயவுசெஞ்சு. கார்டுல வட்டியில்லாத நாளெல்லாம் முழு பில்லையும் கெடுவுக்குள்ள கட்டுறவங்களுக்குத்தான். மிச்சம் வெச்சா கார்டுல மாசம் மூணரை வட்டி சகஜம். 18,000-க்கு 630, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 743 ஆகிடும். கடையில 270தான். அதைவிட மோசம், பாக்கி நிக்கிறவரை கார்டுல வாங்குற மளிகைக்கும் வாங்கின அன்னிலேருந்தே வட்டி ஓடும். மினிமம் டியூ, அதாவது பில்லுல போட்டிருக்கிற குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்டினா லேட் ஃபீஸ்தான் விழாது, வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஏடிஎம்ல கார்டைப் போட்டுப் பணமா எடுக்கவே எடுக்காதீங்க, அதுக்குக் கட்டணம் வேற.

மாட்டுங்கா தம்பி:
கார்டு பில்லை இஎம்ஐயா மாத்தினா வட்டி குறையும்க்கா. ஆனா ப்ராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி ரெண்டையும் கூட்டிப் பார்த்துட்டு ஒன்றரையோட ஒப்பிடுங்க.

தாராவி அக்கா:
அப்போ கடைத் தவணையே ஓடட்டும். கார்டை ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வெச்சுக்கறேன்.

செம்பூர்வாசி:
அதையும் கெடுவுக்குள்ள கட்டிடுங்கக்கா. மாமா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.