நான்காவது நாய் வந்த பிறகு சாப்பாட்டு நேரச் சண்டை, வாசல் குரைப்பு: எதிலிருந்து தொடங்குவது?

நாலுவால்:
வணக்கம். வீட்டில் இப்போது நான்கு நாய்கள். நான்கும் காப்பகத்தில் இருந்து தத்தெடுத்தவை, நான்குக்கும் கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசியும் போட்டாயிற்று. மூத்தவளுக்கு 8 வயது, 22 கிலோ. அடுத்தவன் 5 வயது ஆண். அவனுக்கு அடுத்தவள் 3 வயது. கடைசியாக வந்தவளுக்கு ஒன்றரை வயது, 19 கிலோ, வந்து 16 நாள் ஆகிறது.

முதல் வாரம் அவள் மூலையை விட்டு எழவில்லை. இரண்டாம் வாரத்தில்தான் ஆரம்பித்தது. நான்கு கிண்ணங்களையும் ஒரே வரிசையில் வைக்கிறோம். அவள் தன்னுடையதை அள்ளி விழுங்கிவிட்டு நேரே மூத்தவளின் கிண்ணத்துக்குப் போகிறாள். மூத்தவள் உறுமுகிறாள். இதுவரை இரண்டு சண்டை. நேற்று நடந்ததில் மூத்தவளின் காது மடலில் பல் பட்டு ஓட்டை. அதிலிருந்து புதியவள் அறைவாசலில் வந்து நின்றாலே மூத்தவள் அப்படியே உறைந்துவிடுகிறாள்.

இன்னொன்று, வாசலில் ஆள் வந்தால் நான்கும் சேர்ந்து குரைக்கின்றன. அந்த வேகத்தில் ஆண் நாய் திரும்பி, பக்கத்தில் நிற்கும் 3 வயதுக்காரியின் கழுத்தைக் கவ்வுகிறான். தனித்தனியாகச் சொன்னால் எல்லாரும் உட்காருவார்கள். சேர்ந்திருக்கும்போது ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

"குழுவாகவே பழக்கு, யார் தலைவர் என்று காட்டு, உறுமினால் அதட்டு" என்று ஒருவர் சொன்னார். சரியா? வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். கதவுள்ள அறை இரண்டு, மடக்குத் தடுப்பு ஒன்று.

கதவுக்காவல்:
அதட்ட வேண்டாம். உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்ற எச்சரிக்கை. அதை அதட்டி நிறுத்தினால் கோபம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடி விழும். உறுமல் கேட்டால், நெருங்குகிற நாயைச் சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலக்குங்கள். உறுமியவளை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கிண்ண வரிசையை இன்றைக்கே நிறுத்துங்கள். புதியவளுக்கு ஓர் அறை, மூத்தவளுக்கு இன்னோர் அறை, இரண்டு கதவும் மூடியிருக்கட்டும். ஆணைத் தடுப்புக்கு அந்தப்புறம், 3 வயதுக்காரியை இந்தப்புறம் விடுங்கள். தடுப்பின் மேல் ஒரு போர்வையைப் போடுங்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாயைக் கூட்டிப் போகாதீர்கள். முதலில் கிண்ணம் உரிய இடத்தில் இருக்க வேண்டும், பிறகுதான் நாய் உள்ளே வர வேண்டும். வரிசை தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். 15 நிமிடம் கழித்து, தின்றதோ இல்லையோ, எல்லாக் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். காலிக் கிண்ணத்துக்கும் சண்டை வரும், அதில் வாசனை இருக்கிறது. கடிக்கும் எலும்பு, மெல்லும் குச்சி எல்லாவற்றுக்கும் இதே விதி. தண்ணீரை மூன்று இடத்தில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் காவல் காக்கிற நாய்களும் உண்டு.

அள்ளி விழுங்குகிறவளுக்கு மேடுபள்ளம் உள்ள கிண்ணம் கொடுக்கலாம். இல்லாவிட்டால் பெரிய தட்டில் பரப்பிப் போடுங்கள்.

இந்தப் பிரச்சினையில் மூத்தவளும் புதியவளும் தனிக் கணக்கு. காயம் பட்ட பிறகு குறைந்தது மூன்று நாளாவது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது. சண்டையின் படபடப்பு உடம்பில் இருந்து இறங்க நாளாகும். அதற்குள் "சமாதானம் செய்து வைக்கிறேன்" என்று சேர்த்து நிறுத்தினால் மூன்றாவது சண்டைதான். ஒருத்தி அறையில் இருக்கும்போது இன்னொருத்தி வெளியே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி விடுங்கள்.

அதற்குப் பிறகு சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம், இருவருக்கும் சொந்தமில்லாத வெளியிடத்தில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு நாய், இடையில் 10 மீட்டர், ஒரே திசையில் பக்கவாட்டில் நடை. நேருக்கு நேர் கூட்டி வராதீர்கள். கயிறு தளர்ந்தே இருக்க வேண்டும். விறைத்த கயிறு நாயின் உடம்பை விறைக்க வைக்கும். இருவரும் மண்ணை மோந்துகொண்டு, எதிராளியைப் பார்த்துவிட்டுத் தானாகத் தலையைத் திருப்பினால் ஒரு மீட்டர் குறைக்கலாம். வாய் இறுக மூடி, வால் அசையாமல் நின்று, கண் வெள்ளை தெரிய முறைத்தால் மறுபடியும் விலகுங்கள். ஒரு நடை 20 நிமிடம் போதும். மோப்பத்துக்கு விடுகிற நாளில் மூன்று நொடிதான். எண்ணி முடித்ததும் இருவரையும் கூப்பிட்டு விலக்கிவிட வேண்டும்.

முதலில் புதியவளை ஆணோடு நடத்துங்கள், பிறகு 3 வயதுக்காரியோடு. மூத்தவள் கடைசி. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பெண் நாய்களுக்குள் வரும் பகைதான் பெரும்பாலும் கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கும். அதில் அவசரம் ஆகாது.

மருந்துப்பெட்டி:
காதைப் பற்றி யாரும் பேசவில்லை. பல் குத்திய ஓட்டை வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே தோலும் தசையும் பிரிந்து பை போல ஆகியிருக்கும். அங்கே சீழ் கட்ட இரண்டு மூன்று நாள் போதும். உப்புக் கரைசலால் கழுவி, இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தலையை உதறிக்கொண்டே இருந்து மடல் தலையணை போல வீங்கினால் உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று அர்த்தம். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள், ஆறுகிற சதையையும் சேர்த்து அரிக்கும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரை கண்டிப்பாகக் கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

போகிற வேகத்தில் மூத்தவளின் இடுப்பு, முழங்கால், பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 8 வயதில் மூட்டு வலி இருந்தால், ஓடி வந்து மோதுகிற இளசு அவளுக்கு வலியாகத்தான் தெரியும். வாசலில் உறைந்து நிற்பதில் பாதி அதனாலும் இருக்கலாம். வலி தீராமல் பயிற்சி பலிக்காது. புதியவளுக்கு மலப் பரிசோதனை செய்யுங்கள். குடற்புழு இருந்தாலும் இப்படி அள்ளித் தின்னும், பட்டினி கிடந்த பழக்கத்திலும் தின்னும்.

இனிமேல் புதிய நாய் வந்தால் முதல் 14 நாள் தனி அறையில், தனிப் பாத்திரத்தோடு வையுங்கள். நாயின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் சில சமயம் அதையும் தாண்டித் தலைகாட்டும்.

பாய்விரிப்பு:
கதவுக்காவல் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. போர்வை போட்ட தடுப்பு தாவுகிற நாய்க்குப் போதாது. உங்கள் ஆண் தாவுகிறவன் என்றால் அவனைக் குளியலறையில் வைத்துச் சாப்பிட விடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் கதவு கதவுதான்.

"தலைவர்" கதைக்கு வருவோம். அது ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைக் கூண்டில் சேர்த்து வைத்துக் கவனித்ததில் பிறந்தது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, அவற்றின் குட்டிகள்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் தெளிவாக எழுதிவிட்டார். நாயைக் குப்புறத் தள்ளி அமுக்குவது தலைமை ஆகாது. காப்பகத்தில் இருந்து வந்த, ஏற்கெனவே மனிதக் கையைக் கண்டு மிரள்கிற நாயிடம் அதைச் செய்தால் முகத்தில் கடி வாங்குவீர்கள்.

குழுவாகப் பழக்கவே முடியாது. ஒவ்வொரு நாயையும் தனியே பழக்கி, இரண்டாக்கி, மூன்றாக்கி, கடைசியில்தான் நான்கு. தனியே உட்காருகிறவை சேர்ந்தால் உட்காராததற்குக் காரணம் திமிர் இல்லை. பக்கத்தில் இன்னொரு நாய் இருப்பதே பெரிய கவனச்சிதறல், அந்தச் சூழலில் அவை படித்ததே இல்லை. இன்னொன்று, "உட்கார்" என்று பொதுவாகச் சொன்னால் யாரைச் சொன்னீர்கள் என்று எந்த நாய்க்குத் தெரியும்?

அதனால் முதல் பாடம் பெயர். பெயர்கள் ஒலியில் ஒட்டக் கூடாது. இரண்டு பெயர் ஒரே மாதிரி முடிந்தால் ஒன்றை இப்போதே மாற்றுங்கள், புதியவளின் பெயரை மாற்றுவது சுலபம். தனி அறையில் பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்த நொடியில் பட்டாணி அளவு கோழித் துண்டு. பத்து முறை, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து இரண்டு நாய்களோடு செய்யுங்கள். யார் பெயரோ அவருக்கு மட்டும் துண்டு. மற்றவர் முந்திக்கொண்டு வந்தால் கை மூடியே இருக்கட்டும், அடுத்த நொடியில் அவர் பெயரைச் சொல்லி அவருக்கும் கொடுத்துவிடுங்கள். "என் முறை வரும்" என்று நம்புகிற நாய் தள்ளாது. எல்லாரையும் சேர்த்து அழைக்க வேறு ஒரு சொல் இருக்கட்டும்.

இரண்டாவது பாடம் பாய். ஆளுக்கு ஒரு பாய், நிறம் எப்படியும் இருக்கலாம், இடம் மாறக் கூடாது. பாயில் கால் வைத்தால் துண்டு, அதையும் கையில் கொடுக்காமல் பாயின் மேல் போடுங்கள். பிறகு படுத்தால் மட்டும். பிறகு 3 நொடி, 5, 10 என்று நீட்டி 2 நிமிடம் வரை. அதற்கு அப்புறம்தான் நீங்கள் ஓரடி விலகுவது. நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டினால் குழம்பிப்போகும். ஒரு முறைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, 15 முதல் 20 துண்டு. அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டே மாதத்தில் நான்கும் உருண்டைதான்.

இரண்டு நாய்களைச் சேர்க்கும்போது எல்லாரும் செய்கிற தவறு இது: வேலை செய்கிற நாய்க்குத் துண்டு, காத்திருக்கிற நாய்க்கு ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் கடினமான வேலை. ஒருத்தி உட்கார்ந்து எழுந்ததற்கு ஒரு துண்டு என்றால், பாயில் அசையாமல் கிடந்தவளுக்கு இரண்டு. பாய்களுக்கு இடையே முதலில் 2 மீட்டராவது இருக்கட்டும்.

நாலுவால்:
மிக்க நன்றி. நாளைக் காலை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன், ஆண் நாய்க்குக் குளியலறைதான். இரண்டு சந்தேகம். வாசல் குரைப்புக்கும் பாய்தானா? மறுபடி சண்டை வந்தால் எப்படிப் பிரிப்பது? போன முறை கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தோம்.

கதவுக்காவல்:
கழுத்துப்பட்டையைப் பிடித்ததும் கை தப்பியது அதிர்ஷ்டம். சண்டையில் இருக்கும் நாய் யார் கை என்று பார்க்காது. கத்தவும் வேண்டாம், கத்தல் சண்டையை ஏற்றும். உலோகத் தட்டுகள் இரண்டை ஓங்கி மோதுங்கள், முகத்தில் தண்ணீர் ஊற்றுங்கள், தடிமனான போர்வையைப் போடுங்கள், இடையில் பலகையோ நாற்காலியோ நுழையுங்கள். இவற்றை வீட்டில் இரண்டு இடத்தில் தயாராக வையுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்கு மேலே பிடித்துத் தூக்கி, வளைவாகப் பின்னோக்கி நகருங்கள். நேராக நின்றால் நாய் மடங்கி உங்களைக் கடிக்கும். ஒருவர் மட்டும் தூக்கினால் தூக்கிய நாய்தான் கடி வாங்கும். ஒன்று கவ்விப் பிடித்திருந்தால் இழுக்கவே கூடாது, சதை கிழியும். அது வாயை விடும்வரை இரண்டையும் அசையாமல் பிடித்திருங்கள்.

புதியவளுக்கு வாய்க்கூடு பழக்குங்கள். கூடை போல இருப்பது, அதற்குள் மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி வகை வேண்டாம். கூடைக்குள் தின்பண்டம் வைத்துத் தானாக மூக்கை நுழைக்க ஒரு வாரம், வாரைக் கட்ட இன்னொரு வாரம். போட்டவுடன் சண்டைக்காரியிடம் கொண்டுபோய் நிறுத்தினால், கூடை வந்தால் ஆபத்து வரும் என்று படித்துவிடுவாள்.

பாய்விரிப்பு:
வாசலுக்கும் பாய்தான், ஆனால் முதலில் பார்வையை அடையுங்கள். கேட்டின் கம்பிகளுக்கு உட்புறம் நாயின் கண் உயரத்துக்கு மேல் வரை தகடு, ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் தாள். ஆண் நாய் கவ்வுவது பக்கத்தில் நிற்பவளின் மேல் கோபத்தால் இல்லை. எட்டாத ஆளின் மேல் எழுந்த வேகம் எட்டுகிறவளின் மேல் இறங்குகிறது. அதனால் ஆள் வரும் நேரத்தில் இருவரும் கேட்டருகே சேர்ந்து நிற்கவே கூடாது.

நான்கில் யார் முதலில் குரைக்கிறார் என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒருவர்தான் தொடங்குவார், மற்றவை பின்பாட்டு. அவரை முதலில் பழக்குங்கள். அழைப்பு மணியின் ஒலியைப் பதிவு செய்து, காது அசையும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஒலிக்கவிட்டு, உடனே பாயில் துண்டு. மணி கேட்டதும் அவரே பாய்க்கு ஓடத் தொடங்கினால் ஒலியைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாளுக்கு 8 முறை போதும். குரைத்தால் ஒலி அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நாயும் இதைத் தனியே முடித்த பிறகே இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டும். துண்டுகளைத் தரையில் வாரி இறைப்பது ஒற்றை நாய் வீட்டுக்கான யோசனை. நான்கு நாய் வீட்டில் அதுவே சண்டைக்கு அழைப்பு.

நீங்கள் வெளியே போகும்போது மூத்தவளும் புதியவளும் தனித்தனி அறையில், பல மாதம். இரண்டு வாரம் தொடர்ந்து உறைதல், முறைப்பு, வழிமறிப்பு எதுவும் இல்லை என்றால் மட்டும் தடுப்பைத் திறந்து 5 நிமிடம் ஒன்றாக விட்டுப் பாருங்கள், சாப்பாடும் மெல்லும் குச்சியும் கண்ணில் படாத நேரத்தில். இருவரின் ஹார்னஸிலும் (மார்புப் பட்டை) இரண்டு மீட்டர் மெல்லிய கயிறு தரையில் இழுபடட்டும், பிரிக்க வேண்டி வந்தால் கையை நுழைக்காமல் அதை மிதிக்கலாம். கைப்பிடி வளையத்தை மட்டும் வெட்டிவிடுங்கள், மேசைக் காலில் மாட்டும்.