“சார் வரலையாம்மா?”

சி.ஏ. ஆவதற்கு ஓர் ஆடிட்டரிடம் எடுக்க வேண்டிய மூன்று வருட ஆர்ட்டிகிள் பயிற்சி எனக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. 2023 ஜூலையிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டே வருடம்தான். நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் மாட்டிக்கொண்டவள். இந்த மூன்று வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஜிஎஸ்டி பற்றியதோ வருமான வரி பற்றியதோ இல்லை. “சார் வரலையாம்மா?” என்பதுதான்.

கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாட்ச்மேன் கேட்பார், டீ கொண்டுவரும் பையன் கேட்பான், மில் மேனேஜர் கேட்பார். தோளில் லேப்டாப் பை, கையில் பிரின்சிபல் (எனக்குப் பயிற்சி தரும் ஆடிட்டர்) கையெழுத்துப் போட்ட கடிதம், பையின் ஓரத்தில் செருகிய, ஆடிட்டில் டிக் போடுகிற பச்சை மைப் பேனா, இத்தனையும் இருந்தும் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம்தான் கேள்வி வரும்.

எனக்கு நடந்ததில் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். என்னைப் போல ஆடிட்டுக்குப் போகிறவர்களே, உங்களுக்கு நடந்ததையும் புனைபெயரில் எழுதுங்கள்.

முதல் வருடம், மார்ச் 31. தூத்துக்குடியில் ஓர் உப்பு நிறுவனத்தின் இருப்பைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். எழும்பூரில் முத்துநகர் விரைவு வண்டியில் ஏற்றிவிட ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி நர்ஸ், நைட் டியூட்டிக்குப் போகிற வழியில் வந்தவள். இன்னொருத்தி வங்கியில் வேலை பார்க்கிறாள். பத்திரமாகப் போய் வா என்றெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. “மக்ரூன் வாங்காம வந்தா அறைக்குள்ள விடமாட்டோம்” என்றார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவை மூன்றுக்காக ஒரு நட்பே அடகில் இருந்தது.

உப்பளத்தில் வேலை விடிவதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஏழு மணிக்குப் போய் நின்றபோது அங்கே பாதி நாள் முடிந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள். அவற்றில் வெயில் பட்டுத் தெறிக்கிற வெளுப்பில் கண்ணைத் திறக்க முடியவில்லை. எனக்குக் கறுப்புக் கண்ணாடி தேவைப்பட்டது. அந்த வெளுப்பிலேயே வருடக்கணக்கில் வேலை செய்கிற பெண்கள் தலைக்கு ஒரு துண்டை மட்டும் சுற்றியிருந்தார்கள். ஷெட்டில் இருந்த கணக்கர் என் கடிதத்தை வாங்கிப் படித்தார், என் பின்னால் எட்டிப் பார்த்தார், கேட்டார். வரலைங்க, நான்தான் என்றேன். சரி என்று டேப்பைக் கொடுத்து அனுப்பினார்.

உப்பை எண்ண முடியாது, எடை போடவும் முடியாது. வாரி எடுத்த உப்பை நீளமாகக் குவித்து வைத்திருப்பார்கள். அம்பாரம் என்று பெயர். மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருக்கும். மேல் அகலத்தையும் அடி அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி, உயரத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் கன அளவு வந்துவிடும். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 டன் என்று போட்டால் எடை. பள்ளிக்கூடத்துச் சரிவகக் கணக்குதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. முதல் அம்பாரத்தை அளந்தேன். நீளம் 24 மீட்டர், அடி 7, மேல் 1, உயரம் 3.6. பெருக்கினால் 415 டன் வந்தது. ஏட்டில் இருந்ததோ 235.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். முதல் ஆடிட்டிலேயே 180 டன் கணக்கில் வராத உப்பு! பிரின்சிபலுக்குப் போன் போட எடுத்தேன். அப்போது கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, வெகு நேரமாக என்னையே பார்த்திருப்பார் போல, மெதுவாகக் கேட்டார்:

“யம்மா, சரிவுல வச்சு அளந்தா உப்பு கூடத்தான செய்யும்? நேர் குத்தா அளக்க வேண்டாமா?”

உயரம் என்று நான் அளந்தது உச்சியிலிருந்து அடிவரை டேப்பைச் சரிவோடு ஒட்டிப் பிடித்த நீளம். சரிவு 3.6 என்றால் நேர் உயரம் 2 மீட்டர்தான். அந்த அக்காவே அடியில் ஒரு கம்பை நிறுத்தி, உச்சியிலிருந்து கயிற்றைக் கிடையாக இழுத்துக் கட்டச் சொல்லி, கம்பில் கயிறு தொட்ட இடத்தைக் காட்டினார். மறுபடி பெருக்கினேன். 230 டன். ஏட்டுக்கும் எனக்கும் 5 டன் வித்தியாசம், அவ்வளவுதான். போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். பிரின்சிபலுக்கு இது இன்றுவரை தெரியாது.

“உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டதற்கு, “நாங்க சுமந்ததுதானம்மா, நாப்பது நடை போனா ஒரு டன்னு” என்றார். கூடைக்கு 25 கிலோ. திரும்பி வரும்போது ரயிலில் தூக்கம் வராமல் அதைப் பெருக்கிப் பார்த்தேன். அந்த ஒரு அம்பாரத்துக்கு மட்டும் 9,200 நடை. மொத்தம் பதினொரு அம்பாரங்கள் இருந்தன. மேல்படுக்கையில் உட்கார்ந்து மக்ரூன் பெட்டியைப் பிரித்து நாலைந்து தின்றுவிட்டேன்.

அறைக்குள் விட்டார்கள். பெட்டி குறைந்திருக்கிறதே என்று அரை மணி நேரம் விசாரணை நடந்தது.

*

பருத்திப்புடவை எழுதுகிறேன்:

எனக்குச் சிவகாசிப் பக்கம். பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் மூலப்பொருள் இருப்பு பார்க்க வேண்டும். ஆடிட்டர் என்றால் மிடுக்காக இருக்க வேண்டுமே என்று புதிதாக ஒரு சுடிதார் எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். போனை வாங்கி வைத்தார்கள், சரி. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், சரி. துணியைத் தொட்டுப் பார்த்த அம்மா, “இது பாலியஸ்டர் தாயி, உள்ள போகக் கூடாது” என்றார்.

நடக்க நடக்க அந்தத் துணியில் மின்னேற்றம் சேரும், ஒரு பொறி போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சைக்குப் படித்த பாடம் ஆயிற்றே. என் உடம்பில் இருப்பதும் அதே பாலியஸ்டர்தான் என்பதுதான் தோன்றவில்லை. மேனேஜர், “அப்ப சாரையே வரச் சொல்லிருங்களேன், இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா என்னை ஓய்வறைக்குக் கூட்டிப் போய், வீட்டுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ள வைத்திருந்த தன்னுடைய நூல் புடவையைக் கொடுத்தார். எனக்குக் கட்டத் தெரியாது. அவரே கட்டிவிட்டார், கொசுவம் வைத்து, இழுத்துச் செருகி. உடம்பில் சேர்ந்த மின்னேற்றம் இறங்க, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே இன்னொரு கூத்து. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நான் போன அறையில் ஏற்கெனவே நான்கு பேர். நான் எண்ணி முடிக்கும்வரை ஒருவர் வேப்பமரத்தடியில் போய் நிற்பார். அவர்களுக்குக் கூலி எண்ணிக்கைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. ஒவ்வோர் அறையிலும் ஒருவர் வருமானம் என்னால் நின்றுகொண்டிருக்கிறது என்று புரிந்தபின் நான் எண்ணிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! அதில் ஒன்றிரண்டு தப்பாகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

புடவையைத் துவைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். “இன்னிக்கே குடுத்துரு தாயி, நான் எதைக் கட்டிட்டுப் போக?” என்றார். நியாயம்தானே.

*

நாற்பது வளைவு எழுதுகிறேன்:

வால்பாறை. ஏப்ரல் முதல் வாரம், வங்கிக் கிளை ஆடிட். நானும் என் கூடப் பயிற்சி எடுக்கும் தோழியும் பொள்ளாச்சியில் பஸ் ஏறினோம். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருப்பார்கள், அது ஒரு கொடுமை. ஒன்பதாவது வளைவில் தோழி ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். பதினாலில் கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை ஓரம் கட்டினார். “ஏனுங்க அம்மிணி, வெறும் வயித்துல ஏறுனீங்களா?” என்று கேட்டு டிரைவரிடமிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். வளைவை எண்ணாதீங்க என்றார். எண்ணுவதுதானே எங்கள் வேலை!

கிளை மேலாளர் நல்லவர்தான். “சார் நாளைக்கு வர்றாருங்களா?” என்று மட்டும் மூன்று முறை கேட்டார். தவணை 90 நாள் தாண்டியிருந்தால் அந்தக் கடன் வாராக்கடன் என்பதில் அவருக்கும் எங்களுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். 88 என்றார், நாங்கள் 93 என்றோம். பிப்ரவரிக்கு எத்தனை நாள் என்று மூன்று பேரும் விரலை மடக்கி எண்ணினோம். அது தனிக் கதை.

நான் சொல்ல வந்தது வேறு. மதியம் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பாட்டி என் மேசைக்கு வந்து பணம் எடுக்கும் சலானை நீட்டினார். “கண்ணு, எழுதிக் குடு.” எழுதிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறை ஏறிய விரல்களோடு ஒவ்வொருவரும் பாஸ்புக்கை நீட்டுகிறார்கள். பச்சைப் பேனாவில் எழுதக் கூடாதே என்று தோழியிடம் நீலப் பேனா வாங்கிப் பதினேழு சலான் எழுதினேன். மேலாளர் வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் சார் எப்போது வருவார் என்று அவர் கேட்கவில்லை. அந்த 93 நாள் கணக்கையும் ஒத்துக்கொண்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா இல்லையா, தெரியாது.

*

ஒரு ராத்திரி எழுதுகிறேன்:

என்னுடையது சின்னது, சிரிப்பும் வராது. ஊர்ப்பெயர் வேண்டாம். அலுவலகத்திலிருந்து முன்பதிவு செய்திருந்த லாட்ஜில் இரவு பத்து மணிக்குப் போய் நின்றால், “தனியா வர்ற பொண்ணுங்களுக்கு ரூம் கொடுக்கறதில்ல. சார் வந்துட்டா கொடுத்துடலாம்” என்றார்கள். கடிதம், அடையாள அட்டை, ஆதார் எல்லாம் காட்டியாயிற்று. ரயில் நிலையத்துக்கே திரும்பிப் போய்ப் பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா, விடிகாலை வண்டிக்குக் காத்திருந்தார். நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன் என்றார். தூங்கினேன். எழுந்தபோது அவர் இல்லை. என் பையின் கைப்பிடியில் முழம் மல்லிகை சுற்றியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் காலை ஆடிட்டுக்குப் போனேன்.

*

உங்க அண்ணன் எழுதுகிறேன்:

தங்கச்சிகளா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் ஆர்ட்டிகிள்தான். என்னிடமும் “சார் வரலையா தம்பி?” என்றுதான் கேட்கிறார்கள். மீசை சரியாக வளராதது என் தப்பா? இருபத்தொரு வயதில் யார் போய் நின்றாலும் இந்தக் கேள்வி உண்டு.

*

மறுபடியும் நான்:

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்னால் உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்களே? யோசித்துப் பாருங்கள்.

உங்கள் எல்லாருடைய அனுபவத்தையும் ஹாஸ்டல் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மல்லிகைப்பூ கதைக்கு நர்ஸ் தோழி ஒன்றும் பேசவில்லை. வங்கிக்காரி மட்டும் அந்த 93 நாளைத் தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தாள்.

இன்னொன்று. இந்தியாவில் முதல் பெண் கணக்காளராகத் தேர்ச்சி பெற்றவர் நம் சென்னைக்காரர் ஆர். சிவபோகம். வருடம் 1933. பட்டயக் கணக்காளர் சட்டமே 1949இல்தான் வந்தது என்றால் பாருங்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், கதர் கட்டியவர், பின்னாளில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் ஆடிட்டுக்குப் போன இடங்களில் என்ன கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

சரி, போன மார்ச் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதே உப்பளம். இந்த முறை என்னோடு முதல் வருடப் பையன் ஒருவனை அனுப்பியிருந்தார்கள், சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நல்ல உயரம், மீசையும் உண்டு (அண்ணா, மன்னிக்கவும்). ஷெட்டில் புதுக் கணக்கர். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார், உக்காருங்க” என்று அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் பாவம், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் என்னைப் பார்த்தான்.

வெளியே அம்பாரத்துப் பக்கமிருந்து ஒரு குரல். அதே அக்கா, கூடையைத் தலையில் வைத்தபடியே யாரிடமோ சொல்கிறார்: “ஏ, சரிவு அளந்த புள்ள வந்திருக்குல்லா!”

மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம். டேப்பை எடுத்து நீட்டினேன்.

“சார், அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”