எழுத்தின்ர வாலை வெட்டுறது டெர்மினலா, எழுத்துருவா?

முற்றவெளி:
ஒரே எழுத்துரு எடிட்டரில் முழுசாத் தெரியுது. டெர்மினலில், அதாவது கட்டளை தட்டச்சுற சன்னலில், மட்டும் ஆங்கிலச் சிறிய ஜி, வை எழுத்துகளின்ர வால் நறுக்குப்படுது, அடிக்கோடு காணாமல் போகுது. உடனே "எழுத்துருவை மாத்துங்கோ" எண்டுதான் எல்லாரும் சொல்லினம். நான் அதை ஏற்கேல்லை. பிழை டெர்மினலில்தான்.

டெர்மினல் திரையைச் சம அளவுக் கட்டங்களாப் பிரிச்சு அதுக்குள்ளை எழுத்தை வரையும். சில டெர்மினல் செயலிகள் ஒரு வரிக்குப் பின்னணி நிறத்தைப் பூசி, எழுத்தையும் வரைஞ்சிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகும். அப்ப கீழ்வரியின்ர நிறம் மேல்வரியின்ர வாலை மூடிப்போடும். கட்டம் கட்டமா இப்பிடி வரைஞ்சால் சாய்ந்த எழுத்துக்கும் இதே கதி: எஃப் எழுத்தின்ர நுனியைப் பக்கத்துக் கட்டத்தின்ர நிறம் தின்னும். முதலில் எல்லா நிறத்தையும் பூசி, பிறகு எல்லா எழுத்தையும் வரைஞ்சால் இந்த வெட்டே வராது.

பனங்கூடல்:
தம்பி, வரையிற ஒழுங்கு பாதிக் கதைதான். கிட்டி எண்ட டெர்மினல் எழுத்தைக் கட்ட அளவுப் படமாக்கி வைச்சுக்கொண்டு ஒட்டுது. அங்கை கட்டத்துக்கு வெளியிலை போனது ஒட்டமுதலே போயிடும், எத்தினை தரம் பூசினாலும் திரும்பி வராது.

அந்தக் கட்டத்தின்ர உயரம் எழுத்துருவிலையிருந்துதான் வருது. எழுத்துருக் கோப்புக்குள்ளை மேல், கீழ் அளவுகள் மூண்டு சோடி கிடக்கு: ஹெச்-ஹியா, டைப்போ, வின். மூண்டும் ஒத்துப்போகாட்டில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொண்டை எடுக்கும். டெஜாவூ சான்ஸ் மோனோ எழுத்துருவைப் பாருங்கோ: எழுத்தளவை 2048 அலகாப் பிரிச்சால் மேலே 1901, கீழே 483. 16 பிக்சலில் உயரம் 18.6 வரும். மேலே முழுமையாக்கினால் 19, பின்னத்தை விட்டால் 18. தொலைஞ்ச அந்த அரைப் பிக்சலுக்குள்ளைதான் அடிக்கோடு இருக்கும். ஜெட்பிரெய்ன்ஸ் மோனோவில் 1000 அலகுக்கு 1020, 300, அதாவது 1.32 மடங்கு, அங்கை வால் தாராளமா அடங்கும்.

அகலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, அதை ஒருத்தரும் பார்க்கிறேல்லை. ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ, சோர்ஸ் கோட் புரோ ரெண்டிலும் எழுத்தகலம் 1000க்கு 600. 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 பிக்சல்) திரையில் எழுத்தளவை 10 புள்ளி (பொயின்ற்) வைச்சால் கட்டம் சரியா 8 பிக்சல். 11 புள்ளியில் 8.8, 12இல் 9.6. பின்னத்தை விடுற செயலியில் எம், டபிள்யூ எழுத்துகளின்ர ஓரம் போயிடும். மேலே முழுமையாக்கிறதில் எழுத்துகளுக்கிடையிலை இடைவெளி விழும். திரையை 125 வீதமாக்கினால் 120 டிபிஐ. அப்ப ஒரு புள்ளிக்குக் கட்ட அகலம் ஒரு பிக்சல், 10, 11, 12 எல்லாம் முழு எண்.

முற்றவெளி:
அண்ணை, அந்தக் கணக்கு சரி. ஆனால் 18.6ஐ 18 ஆக்கினது எழுத்துரு இல்லையே, டெர்மினல்தானே? அதைத்தான் நான் பிழை எண்டுறன். இப்போதைக்குச் செய்யக்கூடியது: கிட்டியின்ர அமைப்புக் கோப்பில் மொடிஃபை_ஃபொன்ட் செல்_ஹைட் 110% எண்டு ஒரு வரி. விண்டோஸ் டெர்மினலில் எழுத்துருப் பகுதிக்குள்ளை செல்ஹைட் 1.2. க்னோம் டெர்மினலில் கட்ட இடைவெளி 1.0இலிருந்து 2.0 வரைதான் போகும், 1.1 காணும்.

ஆரியகுளம்:
ரெண்டு பேரும் ஆங்கில எழுத்தோடையே நிக்கிறியள். கோப்புக்குக் "கீரிமலை" எண்டு பேர் வைச்சுப் பாருங்கோ. குற்றும் ஈகாரக் குறியும் யூனிகோட்டில் இடம் பிடிக்காத குறிகள். அரவு, இகரக் குறி, ஐகாரக் குறி இடம் பிடிக்கிறவை. அதனால் லினக்ஸின்ர அடிப்படை நூலகமான ஜிலிப்சியின்ர கணக்கில் "கீ"க்கு 1 கட்டம், "ரி"க்கு 2, "ம"வுக்கு 1, "லை"க்கு 2, மொத்தம் 6. கண்ணுக்குக் "கீ" "கி"யளவு அகலம், ஆனால் பாதி இடம்தான் கிடைக்குது. பிறகு வெட்டுப்படாமல் என்ன செய்யும்? எழுத்தகலத்தை எண்ணுற பைத்தனின்ர டபிள்யூசி-விட்த் நூலகம் 0.2.9 பதிப்பில் அந்த இடம் பிடிக்கிறவையையும் பூச்சியமா எண்ணி 4 எண்டு சொல்லும். செயலி 4 எண்டு நினைக்க, டெர்மினல் 6 எண்டு நினைக்க, கர்சர் எழுத்துக்கு நடுவிலை போய் நிக்கும்.

பனங்கூடல்:
கிட்டியில் சிம்பல்_மாப் எண்ட அமைப்பைப் போட்டு யூனிகோட்டின்ர தமிழ்த் தொகுதியை, தசமத்தில் 2944 முதல் 3071 வரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்குக் குடுக்கலாமே. பதினாறின் அடியில்தான் எழுதவேணும்.

ஆரியகுளம்:
குடுக்கலாம், எழுத்து வடிவா வரும். கட்டம் அதே 1தான். நோட்டோ சம அகல எழுத்துரு இல்லை, கட்டத்தின்ர உயரமும் உங்கடை ஆங்கில எழுத்துருவின்ரதுதான்; "ணூ"வின்ர அடிச்சுழி திரும்பவும் நறுக்குப்படும். எக்ஸ்டெர்ம், அலாக்ரிட்டி எண்ட டெர்மினல் ரெண்டும் தமிழைக் கோர்க்கவே மாட்டுது, "கெ"யின்ர கொம்பு ககரத்துக்குப் பின்னாலை போய் நிக்கும். உங்கடை பிக்சல் கணக்கு ஒண்டும் இதைத் திருத்தாது. கட்டத்தைக் குறியீடு குறியீடா எண்ணாமல், "கீ" முழுசையும் ஒரு எழுத்தாயெடுத்து அதுக்கு 2 கட்டம் குடுக்கவேணும். டெர்மினலும் ஜிலிப்சியும் ஒரே நேரம் மாறினால்தான் ஏலும்.

முற்றவெளி:
அப்ப பிழை டெர்மினலில் எண்டு நீங்களும் சொல்லுறியள்.

ஆரியகுளம்:
பாதி. மற்றப் பாதி ஜிலிப்சியின்ர அகல அட்டவணையில். முறைப்பாடு எழுதுறதெண்டால் முதலில் "கீரிமலை"யை எழுதி உடனே ஒரு நிலைக்கோடு போடுங்கோ. கீழ்வரியில் ஆறு பூச்சியமும் ஒரு நிலைக்கோடும். கோடு ரெண்டும் நேரா நிண்டு எழுத்து மட்டும் வெட்டுப்பட்டால் வரையிறதில் பிழை, டெர்மினல்காரருக்கு எழுதுங்கோ. கோடு விலகினால் எண்ணிக்கையில் பிழை, படத்தோடை ஜிலிப்சிப் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கோ.