டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்: ஜனவரிக்குள் குடும்பத்தோடு மாற வேண்டும், முதல் வேலை எது?

தாமரை_டர்பன்:
எல்லாருக்கும் வணக்கம். கணவருக்கு அவர் கம்பெனியின் ஜோகன்னஸ்பர்க் சாண்ட்டன் அலுவலகத்துக்கு மாற்றல். ஜனவரியில் சேர வேண்டும். மகள் அடுத்த வருடம் 5ஆம் கிரேடு, படிப்பு விசாவில் இருக்கிறாள். இங்கே வாடகை ஒப்பந்தம் ஜனவரிக்குப் பிறகும் சில மாதம் ஓடும். லெனேஷியாவில் நம் ஆட்கள் நிறைய என்கிறார்கள், அங்கேயே வீடு பார்க்கலாமா? எதில் தொடங்குவது என்று சொன்னால் பெரிய உதவி.

மிட்ராண்ட்_வாசி:
வணக்கம் சகோதரி. முதலில் யோசிக்க வேண்டியது மகளின் விசா. படிப்பு விசாவில் பள்ளியின் பெயரையே அச்சிட்டிருப்பார்கள். பள்ளி மாறினால் அந்த நிபந்தனையை மாற்ற விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் புதுப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். பதில் வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும். அதனால் பள்ளி, பிறகு விசா, கடைசியில் வீடு. வீட்டை முதலில் பிடித்துவிட்டால், பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லையென்று தெரியும்போது கையெழுத்தும் போட்டு முன்பணமும் கட்டியிருப்பீர்கள்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மாகாணமான கௌடெங்கின் இணையவழிச் சேர்க்கை 1, 8 கிரேடுகளுக்கு மட்டும். 5ஆம் கிரேடுக்குப் பள்ளி அலுவலகத்தையே நேரடியாகக் கேட்க வேண்டும். கடைசி ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல்கள் தயாராக இருக்கட்டும். டர்பன் பள்ளியிலிருந்து டிரான்ஸ்ஃபர் கார்டு வாங்காமல் கிளம்பாதீர்கள். போனிலேயே ஒன்று கேட்டுவிடுங்கள்: இரண்டாம் மொழியாக எதை நடத்துகிறார்கள்? இதுவரை ஜூலு படித்த பிள்ளை ஆப்பிரிக்கான்ஸ் மட்டும் இருக்கிற பள்ளிக்குப் போனால், மற்றவர்கள் பல வருடம் படித்ததை ஒன்றாகப் பிடிக்க வேண்டிவரும்.

கணவரின் விசாத் தாளில் உள்ள நிபந்தனை வரியையும் எடுத்துப் படியுங்கள். கம்பெனி பெயர் இருந்து, சாண்ட்டனில் சம்பளம் கொடுப்பது வேறு பெயரில் பதிவான கிளை நிறுவனம் என்றால், கம்பெனியின் மனிதவளப் பிரிவிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

லெனேஷியா நல்ல ஊர்தான். கோயிலும் மளிகையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் அது நகரின் தென்மேற்குக் கோடி, சாண்ட்டன் வடக்கே. கௌட்ரெயின் என்ற அதிவேக ரயில் அந்தப் பக்கம் போவதில்லை, தினமும் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். மிட்ராண்ட், ரோஸ்பேங்க் மாதிரி நிலையம் உள்ள இடங்களைச் சுற்றிப் பாருங்கள். மெல்ரோஸ் முருகன் கோயில் சாண்ட்டனிலிருந்து கிட்டத்தான். மசாலா சாமானுக்கு ஃபோர்ட்ஸ்பர்க் இருக்கிறது.

சாவிக்கொத்து:
ஒப்பந்தம் பாக்கி இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து வெளியேறலாம். இது வீட்டை வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவருக்குப் பொருந்தும். நியாயமான முறிவுக் கட்டணம் கேட்க அவருக்கும் உரிமை உண்டு, ஆனால் மிச்ச மாதம் முழுவதற்கும் வாடகை கேட்டால் எதிர்த்துப் பேசுங்கள். கிளம்பும் முன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். சேதம் இல்லையென்றால் 7 நாளில், பழுது பார்க்க வேண்டியிருந்தால் வீட்டைத் திரும்ப ஒப்படைத்த 14 நாளுக்குள் டெபாசிட் வட்டியோடு திரும்ப வர வேண்டும். அந்தப் பார்வைக்கு நீங்கள் போகாவிட்டால் எந்தக் கீறலும் உங்கள் தலையில்தான் விழும்.

புது வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ராண்ட்கூட அனுப்பாதீர்கள். பார்க்கப் போகும்போது தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலம், தண்ணீர் பம்ப் செய்து ஏற்றித்தான் வருகிறது. விநியோகம் நின்று திரும்ப வரும்போது, உயரத்தில் இருக்கும் தெருக்களுக்குக் கடைசியாகத்தான் எட்டும். ஜோஜோ தொட்டியும் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) பம்பும் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூட வாடகை கொடுப்பது தகும். ப்ரீபெய்ட் மின்மீட்டர் என்றால் சாவி வாங்குவதற்கு முன் சின்னத் தொகைக்கு டோக்கன் (மீட்டரில் அடிக்கும் ரீசார்ஜ் எண்) வாங்கிப் போட்டுப் பாருங்கள். 2024 நவம்பர் 24க்குள் புதுப்பிக்காத மீட்டர்கள் புது டோக்கனை ஏற்பதில்லை. பழைய குடித்தனக்காரரின் பாக்கியை உங்கள் டோக்கனில் பிடிப்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

காருக்கு முகவரி மாற்றத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும், நம்பர் பிளேட்டும் கௌடெங்குக்கு மாறும். அதைவிட அவசரம் இன்சூரன்ஸ். கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். டர்பன் முகவரியிலேயே விட்டுவைத்தால் ஆலங்கட்டி அடித்த அன்று கிளெய்மில் சிக்கல். கோடையில் பிற்பகல் இடிமழையோடு ஆலங்கட்டி அங்கே சகஜம், அதனால் கூரை போட்ட பார்க்கிங் இருக்கிறதா பாருங்கள்.

கல்சட்டி:
சமையலும் குளிரும் நான் சொல்கிறேன் அக்கா. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது என்று தோன்றும். குக்கரில் வையுங்கள், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைப்பது கட்டாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இட்லி மாவு வெளியில் பொங்காது. அடுப்பைச் சூடாக்காமல் ஓவனின் மின்விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள்.

வீட்டுக்குள் ஹீட்டிங் அமைப்பு பெரும்பாலும் இருக்காது. நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வாஸ்துக்குக் கிழக்குவாசல் தேடுகிறவர்கள்கூட ஹாலும் படுக்கையறையும் வடக்கே ஜன்னல் வைத்திருக்கிறதா பாருங்கள். தெற்கு அறைகள் ஜூலையில் நடுங்கவைக்கும். டர்பன் தோட்டத்துக் கறிவேப்பிலையும் முருங்கையும் உறைபனியில் கருகும். தொட்டியில் வைத்து வடக்கு பார்த்த சுவரோரம் நிறுத்துங்கள், பனி இரவில் உள்ளே எடுங்கள். காற்றும் ரொம்ப வறண்டது. குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பதறாதீர்கள், மூக்கின் உட்புறம் வாஸலின் தடவி, படுக்கையறையில் ஈரத் துணி தொங்கவிடுங்கள்.

தாமரை_டர்பன்:
எல்லாருக்கும் மிக்க நன்றி. பள்ளிகளுக்கு நாளைக்கே போன் போடுகிறேன். லாரி மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. பங்கு லாரியில் அனுப்பினால் மலிவு என்கிறார்களே?

சாவிக்கொத்து:
மலிவுதான், ஆனால் லாரி நிறையும் வரை உங்கள் சாமான் கிடங்கில் காத்திருக்கும், எந்த நாள் வரும் என்று உறுதி சொல்ல மாட்டார்கள். மெத்தை, குக்கர், பள்ளிச் சீருடை, எல்லா அசல் சான்றிதழும் உங்கள் காரிலேயே வரட்டும். வழிப் பயணக் காப்பீடு கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். காம்ப்ளெக்ஸ் வீடு என்றால் லாரிக்கு அனுமதி எந்த நாள், எந்த நேரம் என்று மேலாளரிடம் முன்பே கேளுங்கள், பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடமாட்டார்கள். மாதக் கடைசி வாரத்தில் லாரி கிடைப்பது கஷ்டம், மாத நடுவில் பாருங்கள்.